சதுரக் காசைச் சுற்றி ஒரு வட்டம்

போன வாரம் ஒரு ஜோடி காலுறை வாங்கினேன். வயதானால் கால் சில்லிட்டுப்போகிறது, வேறென்ன. அதன் உறையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வெள்ளியையும் செம்பையும் கலந்து, அந்தக் கலவையை நானோ துகளாக்கி நூலில் ஏற்றியிருக்கிறார்களாம். நாற்றம் தரும் கிருமிகள் அண்டவே அண்டாதாம். பக்கத்தில் ஒரு படம்: வட்டமான கண்ணாடித் தட்டு, அதில் பாலேடு படிந்தது போல் கிருமிப் படலம், நடுவில் ஒரு துணித்துண்டு. அந்தத் துண்டைச் சுற்றி மட்டும் யாரோ துடைத்துவிட்டது போல் தெளிவான வளையம். புதுக் கண்டுபிடிப்பு என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் அவர் விலையைக் குறைத்துவிட்டார்.

அந்த வளையத்தை நான் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷமே பார்த்துவிட்டேன். எனக்கு அதைக் காட்டியவர் என் மாமியார். அப்போது அவர் எனக்கு மாமியார்கூட ஆகியிருக்கவில்லை. ஆவாரா என்பதே சந்தேகமாக இருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மலாக்காவில் காஜா பேராங்கில் வீடு. அப்பா தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். நான் மலாக்கா ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு சைக்கிளில் போவேன், தெருவே பார்க்கும். ஆனால் என்ன வேலை என்று கேட்டுவிட்டால் தெரு ஓரடி பின்வாங்கும். ஊரார் துப்பிய சளி, கழித்த மலம், கிணற்றுத் தண்ணீர், எல்லாவற்றிலும் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை.

வளர்ப்பது என்றால் உண்மையிலேயே வளர்ப்பதுதான். கண்ணாடித் தட்டில் அகார்-அகார் என்கிற கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றுவோம். ஆமாம், பாசார் கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்குமே, பெருநாளுக்குச் சிவப்பும் பச்சையுமாகச் செய்து வெட்டி அடுக்குவார்களே, அதே அகார்-அகார்தான். சர்க்கரைக்குப் பதிலாக அதில் மாட்டிறைச்சிச் சாறு. அது உறைந்ததும் மேலே கிருமியைத் தடவி, மூடி போட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். கோழி முட்டையை அடைகாப்பது போல அந்தப் பெட்டி கிருமியை அடைகாக்கும். எங்கள் தெருக்கோடியில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வீட்டு அம்மாள் ஒருவர் இருந்தார். அவர்களுக்கும் நம்மைப் போலவே கோயில், பூசை எல்லாம் உண்டு, வீட்டில் பேசுவது மட்டும் மலாய். உங்கள் ஆஸ்பத்திரியில் கிருமிக்குக்கூடப் பலகாரம் செய்து போடுகிறார்களாமே என்று மலாயில் கேட்டு அவர் என்னைச் சீண்டுவார். கிருமிக்கு நாக்கு நீளம், உங்கள் கைப்பக்குவம் அதற்குப் பத்தாது என்று நானும் மலாயிலேயே திருப்பிக் கொடுப்பேன்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. காலையில் போனதும் முதல் காரியம் பெட்டியைத் திறப்பது. நேற்று வெறும் கண்ணாடி போல் இருந்த தட்டில் இன்று குண்டூசித் தலை போல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முளைத்திருக்கும். கண்ணுக்கே தெரியாத ஒன்று, என் கைபட்டு, ஒரே ராத்திரியில் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆகிவிட்டது என்பதை நினைத்தால் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு சந்தோஷம் வரும். இதை வீட்டில் சொன்னால் அம்மா, சோறு தின்கிற நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம் என்பார்.

மாப்பிள்ளை வீடு கிளேபாங்கில். அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். நேர்கோடு போட்டுப் போட்டு ஆளே நேராக இருந்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது என்பதை, ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய சைக்கிளுக்கு அடிக்கடி காற்று இறங்கியதிலிருந்து தெரிந்துகொண்டேன். நிச்சயத்தன்று வெற்றிலைத் தட்டு மாற்றப் போகிற நேரத்தில் அவருடைய அம்மா கையை நீட்டித் தடுத்தார்.  நான் உள்ளறையில் கதவோரம் நின்றிருந்தேன்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேல வேணாம். வீட்டுக்குக் கிருமி வந்துரும்."

அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. தட்டு மாறியது. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள். நான் உள்ளறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் தை மாதம் என்று முடிவாயிற்று. அதாவது என் வேலைக்கு இன்னும் ஐந்து மாதம் ஆயுள்.

அத்தையை, அவரை அப்போதே அத்தை என்றுதான் கூப்பிட்டேன், கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. கிருமி விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள். கிளேபாங் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது என் எதிரிலேயே டம்ளரைக் கொதிநீரில் மூன்று முறை முக்கி எடுத்துத்தான் காப்பி ஊற்றினார். குடித்து வைத்ததும் அந்த டம்ளர் மட்டும் தனியாகக் கொல்லைப்புறம் போயிற்று. தண்ணீர் கொதிக்காமல் அந்த வீட்டில் யார் வாயிலும் படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ்காரர் கொடுத்த சில்லறையைக்கூட அவர் சிவப்பு கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னல் விளிம்பில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தார். அந்தக் காலத்து ஒரு காசு சதுரமாக இருக்கும், இங்கிலாந்து ராணி தலை போட்டிருக்கும். பத்துப் பதினைந்து ராணிகள் குளித்துவிட்டு வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ் நிற்குமிடத்துக்கு வழியனுப்ப வந்த மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா நல்லவங்க, கிருமின்னா மட்டும் அவங்களுக்கு, என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். வேலையைப் பற்றி நீயே அம்மாவிடம் பேசேன் என்றார். உங்கள் வாய் எங்கே போயிற்று என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது.

அந்த வருஷம் மெர்டேக்கா, அதாவது சுதந்திர விழா, முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கடைகளில் கட்டிய கொடிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. மழையில் சாயம் போய்த் தொங்கினாலும் கழற்ற மனசு வராத நாட்கள் அவை. எல்லாருக்கும் எதையாவது புதிதாகச் செய்ய வேண்டும் போல இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்த அண்ணன் ஒருவர், இந்த வருஷம் நாமும் ஆயுத பூசை போடுவோம் என்று கிளப்பிவிட்டார். பட்டறையில் சுத்தியலுக்குப் பொட்டு வைக்கிறார்கள், பஸ்ஸுக்கு மாலை போடுகிறார்கள், நம் மைக்ராஸ்கோப்பு என்ன குறைந்துபோயிற்று என்றார். மேற்பார்வையாளர் ஒரு சீனர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஸ்பிரிட் பாட்டில் பக்கத்தில் கற்பூரம் கூடாது, வேலை செய்யும் மேசையில் சுண்டல் கூடாது என்று இரண்டு நிபந்தனையோடு தலையசைத்தார்.

எனக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. பூசைக்கு வீட்டாரை அழைக்கலாம் என்றதும் கிளேபாங்குக்கு ஆள் அனுப்பினேன். அத்தை வந்து இந்த இடம் எவ்வளவு சுத்தம் என்று கண்ணால் பார்த்துவிட்டால் மனசு மாறுவார் என்று நினைத்தேன். தரையை இரண்டு தரம் நானே பினாயில் போட்டுத் துடைத்தேன்.

வாசல் பக்கத்து அறையில் தனி மேசை போட்டு, வாழையிலை விரித்து, மைக்ராஸ்கோப்பு, தராசு, வெப்பமானி, கிருமி தடவும் கம்பி எல்லாம் வைத்தோம். ஆம்புலன்ஸ் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. கம்பியும் தராசும் எல்லாருக்கும் பொது, என்னுடைய ஆயுதம் என்றால் அது நான் வளர்க்கும் தட்டுத்தானே என்று தோன்றியது. பயிற்சிக்கென்று சாதுவான ஒரு கிருமி வைத்திருப்போம், யாருக்கும் நோய் தராது. அதைத் தட்டு முழுக்கச் சீராகத் தடவி, மூடிபோட்டு, அதையும் இலைமேல் வைத்தேன். பூசை முடிந்ததும் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று எண்ணம். கிருமியைக் கொண்டுபோய்ச் சரஸ்வதி முன்னால் வைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அண்ணன் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே போனார். தட்டின் மூடிக்கும் பெரிதாக ஒன்று விழுந்தது.

அத்தை குடையோடு வந்தார். எதையும் தொடாமல், முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தீபாராதனை ஆயிற்று. தீபாராதனைத் தட்டில் எல்லாரும் காசு போட்டார்கள். ஆஸ்பத்திரிப் பெண்களுக்குச் சுண்டல் பொட்டலம் கொடுக்க நான் அந்தப் பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அத்தை கிளம்பியிருந்தார். சுண்டலை அவர் தொடவில்லை. இடத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைகூட வரவில்லை என்று அண்ணன் சொன்னார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. மேசையை ஒழித்து, தட்டை எடுத்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூடியில் அப்பியிருந்த சந்தனத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மூடியைத் தூக்கினேன். உள்ளே ராணி இருந்தார்.

ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் தடவிய ஒரு சதுரக் காசு. தட்டு முழுவதும் கிருமி கஞ்சி போல வெளுப்பாகப் படர்ந்திருந்தது. காசைச் சுற்றி மட்டும், சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு, ஒன்றுமே இல்லை. சுத்தமான கண்ணாடி. சதுரக் காசுக்கு வட்டமான வேலி. நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மேற்பார்வையாளர் வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். ராணி ஊருக்குப் போய்விட்டார் என்றல்லவா நினைத்தேன், இன்னும் இங்கே ஒழுங்கு பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்றார். அன்றைய பத்து வார்த்தையும் அதிலேயே செலவாகிவிட்டது.

காசு யாருடையது என்பது பளபளப்பிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஊரில் அப்படிக் குளித்த காசு வேறு யாரிடமும் கிடையாது. மற்றவர்களின் கழுவாத காசுகளோடு சேர்க்க மனமில்லாமல், இதையும் காணிக்கைத் தட்டு என்று நினைத்துத்தான் அத்தை முந்தானையால் மூடியைத் திறந்து காசை வைத்து, மரியாதையாக மூடிவிட்டும் போயிருக்கிறார். பொட்டு வைத்த தட்டு, பூசை மேசை, வேறென்ன நினைப்பார்? காசு சத்தம் போடாமல் இருக்க அடியில் ஏதோ மெத்தென்று ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணியதாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

அடுத்த நாலைந்து நாள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்களில் சேரும். வளையம் போட்டது மஞ்சளா, குங்குமமா, காசா? வேலை முடிந்த பின் மிச்சமிருந்த தட்டுகளை எடுத்துக்கொள்ள மேற்பார்வையாளர் விட்டார். ஒன்றில் மஞ்சளும் குங்குமமும் மட்டும் வைத்தேன். அவற்றை ஒட்டிக்கொண்டே கிருமி வளர்ந்தது. இன்னொன்றில், பூசையே பார்க்காத என்னுடைய காசு ஒன்றைக் கொதிக்கவைத்துப் போட்டேன். வளையம் வந்தது. பிறகு கை நிற்கவில்லை. அலுமினிய மூடியிலிருந்து ஒரு துண்டு: ஒன்றும் இல்லை. என் தங்கத் தோடு: தங்கம் கிருமியைச் சட்டையே செய்யவில்லை. பித்தளைத் திருகாணி: வளையம். அப்பாவின் ஐம்பொன் மோதிரம்: மெல்லிய வளையம். செட்டி வீட்டு அம்மாள் தன் பழைய கெபாயாச் சட்டையில் குத்தும் வெள்ளி ஊசியைத் தந்து, என் ஊசிக்கு வருகிறதா பார் என்றார். வந்தது என்றதும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். செம்பு எதில் கலந்திருந்ததோ, வெள்ளி எதில் இருந்ததோ, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு ஏதோ கசிந்து அகாரில் ஊறுகிறது, அது ஊறிய இடத்தில் கிருமி பிழைப்பதில்லை. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. இன்றைக்கு அதே கலவையைத் தூளுக்குத் தூளாக ஆக்குகிறார்கள். கருப்பட்டியைக் கட்டியாகப் போட்டால் மெல்லக் கரையும், பொடித்துப் போட்டால் சட்டென்று கரையும் அல்லவா? காலுறைக்காரர்கள் செய்திருப்பதும் அதுதான்.

நான் பரிசோதனையில் திளைத்துக்கொண்டிருக்க, அண்ணன் வேறு வேலை செய்துவிட்டார். அத்தை போட்ட காசைச் சுற்றி அம்பாளே கோடு கிழித்துவிட்டாள், கிருமி தாண்டவில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். செய்தி பஸ் ஏறிக் கிளேபாங் போய்ச் சேர ஒரு நாள்தான் பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளையின் சைக்கிளுக்குக் காற்று இறங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. அம்மா சம்மதம் சொல்லிவிட்டார்கள், கல்யாணத்துக்குப் பிறகும் நீ வேலைக்குப் போகலாம், அம்பாளே காவல் இருக்கும்போது பயமென்ன என்கிறார்கள் என்றார்.

எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு நல்ல செய்தி என்று சொன்னார்: அம்மா தண்ணீர் கொதிக்கவைப்பதை விட்டுவிட்டார்கள். வீட்டில் பூசை செய்த காசு ஒன்றை மஞ்சள் தடவிக் குடத்துக்குள் போட்டுவிட்டார்கள், அதுவே போதுமாம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அம்மா அடுப்படியில் பாடுகிறார்கள் என்றார்.

அன்று சாயங்காலமே கிளேபாங் போனேன். அத்தை என்னைக் கண்டதும் சிரித்தார். குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு கொடுத்தார். டம்ளரை முக்கவில்லை, கழுவக்கூட இல்லை. அவருடைய வீட்டு ஆளாக என்னை எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குடித்துவிட்டால் வேலை இருக்கும், கல்யாணம் இருக்கும், இந்தச் சிரிப்பும் இருக்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் என்னென்ன முளைக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை கதவருகில் நின்று, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அத்தை, இந்தத் தண்ணியக் கொதிக்க வைக்கணும்."

அம்மன் காசு உள்ளே கிடக்கிறதே என்றார் அத்தை, நான் பார்க்கவில்லை என்று நினைத்து. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சளுக்கு வளையம் வரவில்லை, பூசை பார்க்காத என் காசுக்கு வந்தது. வந்த வளையமும் நகம் அகலம்தான், அதற்கு அந்தப் பக்கம் கிருமி ஜாம்ஜாமென்று வளர்ந்திருக்கிறது. இவ்வளவு பெரிய குடத்துக்கு ஒரு காசு என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சொல்லச் சொல்ல அத்தையின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துகொண்டே போயிற்று. என் வேலையும் அதோடு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அம்மன் ஒண்ணும் சொல்லலியா?"

"அம்மன் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது அத்தை. காசு என்ன சொல்லுதுன்னுதான் தெரியும்."

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பினார். அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்து உங்கள் கண்ணாலேயே ஒரு தடவை பாருங்கள், நீங்களே காசைப் போட்டுப் பாருங்கள் என்று அவர் முதுகிடம் சொல்லிவிட்டு வந்தேன். பஸ் நிற்குமிடம் வரை மாப்பிள்ளை கூட நடந்தார். உனக்கு எதிரி வெளியில் இல்லை, வாயில்தான் இருக்கிறது என்றார். பிறகு, இதை அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அதற்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை அத்தை வந்தார். தனியாக, குடையோடு, சொல்லாமல் கொள்ளாமல். வாசலிலேயே நின்றுகொண்டு, எங்க கை கழுவுறது என்று கேட்டார். கார்பாலிக் சோப்பில் முழங்கை வரை அவர் தேய்த்துக் கழுவியதை மேற்பார்வையாளர் நின்று பார்த்தார். இங்கே யாருமே இப்படிக் கழுவுவதில்லை, இவரை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். நான் அதை மொழிபெயர்த்தேன். அத்தைக்கு உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

கிருமி தடவிய புதுத் தட்டை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு காசு கொண்டுவந்திருந்தார். ஒன்று குடத்திலிருந்து எடுத்த பூசைக் காசு. இன்னொன்று அன்று காலையில் பஸ்காரர் கொடுத்தது, கழுவாதது. கழுவாத காசை அவர் காகிதத்தில் மடித்து, விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்திருந்த விதத்தைப் பார்த்தால், இரண்டு பஸ் மாறி அதைச் சுமந்து வருவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது. இடுக்கியைக் கையில் கொடுத்தேன். இரண்டையும் தட்டின் இரண்டு பக்கத்திலும் வைத்து மூடினார். பெட்டிக்குள் நான் வைக்கும்போது கூடவே குனிந்து பார்த்தார். திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடம் திறப்பதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார்.

தட்டை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். இரண்டு காசுக்கும் வளையம். பஸ்காரர் காசின் வளையத்தில் மட்டும், ஓரமாக, அழுக்கோடு வந்த இரண்டு மூன்று புள்ளிகள் எட்டிப்பார்த்தன. நான் உற்சாகமாக வளையங்களைக் காட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டே போனேன். அத்தை வளையத்தைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றிப் படர்ந்திருந்த வெளுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளையத்த விடு. சுத்தி இருக்கே, இதுதானா அது?"

"ஆமா அத்தை. அதுதான் கிருமி. இது சாது, ஆனா கெட்டதும் இப்படித்தான் இருக்கும்."

அவர் முகத்தைத் தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனார். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததாம், என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு பத்து நாளில் போய்விட்டாள். தோட்டத்து மருந்து கொடுப்பவர் தண்ணீரில் கிருமி என்று சொல்லியிருக்கிறார். எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது அம்மா என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதையெல்லாம் அத்தை தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அன்றிலிருந்து தெரியாத ஒன்றை டம்ளரிலும் காசிலும் தேடித் தேடிக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். ஜன்னலில் வெயில் காய்ந்த ராணிகளைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இனி இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேகவைத்துவிடுவோம் என்றேன். பார்க்கணும் என்றார். பார்த்து முடித்த தட்டுகளை நாங்கள் மூடி திருகிய ஒரு பெரிய பாத்திரத்தில், நீராவியில், அரை மணி நேரம் வேகவிடுவோம். அத்தைக்கு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. ஆவி சீறுகிற சத்தத்துக்கு நேராக, கையைக் கட்டிக்கொண்டு, அரை மணி நேரமும் நின்றார். நெருப்பை அணைத்ததும் கேட்டார்.

"வெந்துருச்சா?"

"வெந்துருச்சு அத்தை."

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, ஆவியின் வியர்வையா என்று நான் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி, அந்தப் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ வேலய விட்டுட்டா இத யாரு வேகவைப்பா?"

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. முப்பத்தொரு வருஷம் நான்தான் வேகவைத்தேன்.